புது டிஸ்க் மாட்டிய பிறகு வீட்டு சர்வர் விழுகிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த கல்யாண ஆல்பங்கள் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனால் முகம் முகமாக உரிந்து வந்தது. மிஞ்சிய படங்களை ஸ்கேன் செய்து பாளையங்கோட்டையில் என் வீட்டு சர்வரில் போட ஆரம்பித்தேன். கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கள் ஆல்பத்தையும் பழைய வீடியோ கேசட்டையும் கொண்டுவந்து தந்தார்கள். இடம் போதவில்லை.

நான்கு 4 டிபி டிஸ்கோடு ஓடிக்கொண்டிருந்த பெட்டி அது. அதில் இரண்டு 8 டிபி டிஸ்க், 8 ஜிபி ராமுக்குப் பதில் 32 ஜிபி, டிஸ்குகளை இணைக்க ஒரு எச்பிஏ கார்டு என்று எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டினேன். அன்று ராத்திரியே விழுந்தது. சரிசெய்து முடிக்க ஆறு வாரம் ஆனது. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் இருந்ததுதான் அத்தனை நாள் இழுத்ததற்குக் காரணம்.

மூன்றில் ஒன்றுகூடப் புதுப் பொருளின் கோளாறு இல்லை. புது டிஸ்க் நல்லது, புது ராம் நல்லது. அவை வந்து பாரம் ஏற்றியதில் பழைய வயர் உருகியது, காற்றில்லாத மூலை கொதித்தது, ஒரு பழைய கேபிள் மடங்கியது. அப்புறம் தெரிந்தவர்கள் வீட்டில் நான் பார்த்த பெட்டிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆகையால் கடைக்குப் போய்ப் புது டிஸ்கை மாற்றித் தரச் சொல்வதற்கு முன், அது எதன் மேல் பாரம் ஏற்றியது என்று பாருங்கள். வீட்டு சர்வருக்கான மென்பொருள்களான ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட், அன்ரெய்டு எதை ஓட்டினாலும் கீழே சொல்வது பொருந்தும். பல டிஸ்குகளைச் சேர்த்துக் கோப்புகளை வைக்கும் இசட்எஃப்எஸ் முறை எனக்குப் பழக்கம் என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன்.

கையை வைப்பதற்கு முன்

முதலில் ஸ்க்ரப் (டிஸ்கில் உள்ள டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது), ரீபில்டு (மாற்றிய டிஸ்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்புவது) எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வாராவாரம் தானாக ஓடும்படி வைத்திருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். விழுந்து எழும் மெஷினில் ஸ்க்ரப் ஓட்டுவது, காய்ச்சல்காரனை மலையேறச் சொல்வது மாதிரி. பூல் (டிஸ்குகள் எல்லாம் சேர்ந்த ஒரே கிடங்கு) திறக்கிறது என்றால் அதை ரீட் ஒன்லியாகத் திறந்து, திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் ஒரு வெளி டிஸ்கில் இறக்கிக்கொள்ளுங்கள். சினிமாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆச்சியின் படம் முதலில்.

அடுத்தது, கேபிள் எது எங்கே போகிறது என்று போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

இன்னொன்றில் மிகவும் கவனமாக இருங்கள். மாட்டியதைக் கழற்றிப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். ராமுக்கும் கார்டுக்கும் அது சரி. பூலில் சேர்த்துவிட்ட டிஸ்குக்கு அது சரி அல்ல. சேர்த்த டிஸ்கை மட்டும் உருவிவிட்டு மற்றவற்றோடு மெஷினை ஓட்டினால் பூல் திறக்காமல் போகலாம், அல்லது பாதுகாப்பு குறைந்த நிலையில் ஓடும். சோதிக்க வேண்டுமானால் மெஷினை அணைத்து, டேட்டா டிஸ்க் அத்தனையையும் கழற்றிவிட்டு, பூட் டிஸ்க் மட்டும் வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் பெரும்பாலும் ராம், எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை), மதர்போர்டு, பிராசஸர் இந்த நான்குக்குள் இருக்கிறது. விழவில்லை என்றால் டிஸ்குகளும் அவற்றுக்குப் போகும் கரண்டும் கார்டும்தான் சந்தேகத்தில். இந்த ஒரு நாள் சோதனையை நான் முதலிலேயே செய்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

பிறகு மெஷின் எழுதிவைக்கும் பதிவை (லாக்) பாருங்கள். எழுந்த பிறகு வரும் பதிவு அல்ல, விழுவதற்கு முந்தைய பூட்டின் கடைசி இருபது வரிகள். அதில் ஒரு டிஸ்கின் இணைப்பை ரீசெட் செய்தேன் என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் கேபிள் அல்லது கரண்ட். மெஷின் செக் (பிராசஸர் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வன்பொருள் பிழை) என்று வந்தால் பிராசஸர், ராம், மதர்போர்டு பக்கம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கர்னல் பேனிக் (இயக்க மென்பொருளின் மையமே நின்றுபோவது) என்றால் ராமைப் பாருங்கள். ஒன்றுமே இல்லை, பதிவு பாதி வரியில் அறுந்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கிறது. வீட்டுக்குப் போகாவிட்டாலும் பெட்டிக்குள் போயிருக்கிறது. சில சமயம் கடைசி வரிகள் டிஸ்கில் எழுதப்படாமலே போய்விடும். அதற்கு ஒரு பழைய மானிட்டரை மாட்டி, எதிரே போனை டைம்லாப்ஸில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். எனக்கு உதவிய முதல் தடயம் அப்படித்தான் கிடைத்தது.

அறிகுறி: பட்டனை அழுத்தினால் இரண்டு நொடி ஓடி அணைகிறது, அல்லது ஏதோ ஒரு டிஸ்க் காணவில்லை

இது பெரும்பாலும் டிஸ்குகள் சுழலத் தொடங்கும் நேரத்துப் பசி. 3.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது 5 முதல் 8 வாட் வரைதான் எடுக்கும். நின்ற தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர், அதாவது 24 வாட் இழுக்கும். நான்கு டிஸ்க் இருந்தபோது 96 வாட். ஆறு ஆனதும் 144. அதுவும் பிராசஸரும் கண் விழிக்கும் அதே நொடியில்.

எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தைப் படியுங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் டிஸ்குக்கும் பிராசஸருக்கும் சேர்த்து உங்களிடம் இருப்பது 216 வாட்.

ஆனால் என் பெட்டியில் எஸ்எம்பிஎஸ் தேறிவிட்டது. தேறாதது ஸ்ப்ளிட்டர். டிஸ்குக்குக் கரண்ட் தரும் சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 4.5 ஆம்பியர்தான் கணக்கு. ஒரு பிளக்கிலிருந்து இரண்டு டிஸ்க் என்றால் 4 ஆம்பியர், தாங்கும். நான் ஒரே பிளக்கிலிருந்து நான்காகப் பிரிக்கும் மலிவான ஸ்ப்ளிட்டரைப் போட்டிருந்தேன். எட்டு ஆம்பியர். கழற்றப் போனபோது மூன்றாவது பிளக் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக்கின் ஒரு ஓரம் மெழுகு வழிந்த மாதிரி இறங்கி, டிஸ்கின் விளிம்பைப் பிடித்திருந்தது. முகர்ந்தால் அயர்ன் பாக்ஸில் நைலான் பட்ட வாசனை. அந்த அறையில்தான் என் மகள் படிப்பாள். அன்றைக்கு எனக்கு டேட்டா நினைவே வரவில்லை.

வார்ப்பு பிளாஸ்டிக்கில் வயரைப் புதைத்து வரும் ஸ்ப்ளிட்டரை இனி யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. டிஸ்குகளை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனித்தனி கேபிள்களில் பிரித்துப் போடுங்கள். போதவில்லை என்றால் பிளக் அதிகம் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். உங்கள் கார்டில் டிஸ்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

மெஷின் நன்றாக எழுகிறது, ஒரு புது டிஸ்க் மட்டும் சுழலவே இல்லை என்றால் வேறு கதை. வெளி டிஸ்கின் கூட்டை உடைத்து உள்ளிருப்பதை எடுத்து மாட்டினீர்களா? அப்படிப்பட்ட சில டிஸ்குகளில் மூன்றாவது பவர் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்திரு" என்று பொருள். பழைய எஸ்எம்பிஎஸ் அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பின்மேல் கேப்டான் டேப் (சூடு தாங்கும், கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டினால் டிஸ்க் எழுந்துவிடும்.

டிஸ்க் காணாமல் போக இன்னொரு வழியும் உண்டு. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி மாட்டினால் பல மதர்போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் தானாகச் செத்துவிடும், ஏனென்றால் பாதை ஒன்றே. மேனுவலில் எந்த போர்ட் என்று இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

அறிகுறி: சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கிறது, பெரிய காப்பி அல்லது ஸ்க்ரப் ஓடினால் இரண்டு மணி நேரத்தில் விழுகிறது

சூடு. நம்ம ஊரில் சித்திரை வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்கு என் அறைச் சுவரில் 37 டிகிரி. அந்தக் காற்றைத்தான் பெட்டி உள்ளே இழுக்கிறது. நான்கு டிஸ்க் இருந்தபோது நடுவில் ஒவ்வொரு இடம் காலி விட்டிருந்தேன். ஆறு ஆனதும் ஒட்டி ஒட்டி அடுக்க வேண்டியதாயிற்று. நடுவில் இருந்த இரண்டும் 53 டிகிரியைத் தொட்டன. பல டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்சவரம்பு 60. ஆனால் நான் 45க்குள் வைத்திருக்கத்தான் பார்ப்பேன்.

எனினும், விழ வைத்தது டிஸ்க் அல்ல, எச்பிஏ கார்டு. சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற கார்டுகள், நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் தம்மேல் காற்று போகும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. அலுவலக ரேக்கில் காற்று அப்படி அறையும். வீட்டுக் கேபினெட்டின் கீழ் மூலையில் காற்று அசைவதே இல்லை. என்னுடையதில் வெப்பத்தைப் படித்துச் சொல்லும் வழியும் இல்லை. மெஷினை அணைத்த உடனே ஹீட்சிங்கில் விரல் வைத்தேன். ஒரு நொடி தாங்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் அடையாளம் தெளிவானது. கார்டில் இணைந்த டிஸ்குகள் எல்லாம் ஒரே நொடியில் மறையும், மதர்போர்டில் நேராக இணைந்தவை மட்டும் நிற்கும். ஆறு டிஸ்கில் நான்கு ஒரே நேரத்தில் கெட்டுப் போவது நடக்காத காரியம். அப்படிப் பார்த்தால் பதறாதீர்கள், டிஸ்க் வாங்க ஓடாதீர்கள்.

சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து பொடியாக இருந்தது. சுரண்டிப் புதிதாகத் தடவி, ஹீட்சிங்குக்கு நேரே ஒரு சின்ன ஃபேனை டேக் போட்டுக் கட்டினேன். அதன் பிறகு அந்தக் கார்டு ஒருமுறைகூட மறையவில்லை. கார்டின் ஃபர்ம்வேரையும் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஒருமுறை பாருங்கள். இந்த வகையில், டிஸ்குகளை அப்படியே கணினியிடம் ஒப்படைக்கும் ஐடி மோடின் 20.00.07.00 பதிப்புதான் நிலையானது என்று பேர் எடுத்தது. 20 வரிசையின் முதல் பதிப்புகளில் கோளாறு இருந்தது.

ஆடியில் மேல்காற்று தொடங்கினால் தூசியும் சேர்ந்துகொள்ளும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண் ஃபில்டரில் மிளகாய்ப்பொடி மாதிரி படியும். அங்கே உள்ளவர்கள் மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவையுங்கள். உவரி, திருச்செந்தூர் போல் கடற்கரை ஓரம் என்றால் உப்புக்காற்று ராமின் காலையும் பிளக்கையும் அரிக்கும். அங்கே வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுவது நல்லது.

அறிகுறி: எப்போது விழும் என்றே தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு பிழை

ராமைப் பிடியுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரு சுற்று தேறியது போதாது, நான்கு சுற்றாவது ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

பிழை வந்தால் உடனே ராமைக் குறை சொல்லாதீர்கள். பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ராம் இருந்த இடத்தில் நான்கு மாட்டினால் பிராசஸரின் மெமரி கன்ட்ரோலர் மேல் பாரம் கூடும். அதே வேகம் நான்கிற்கும் ஒத்துவராமல் போகலாம். வேகத்தைக் குறைத்தால் தேறிவிடுகிறதா பாருங்கள். கோப்புகள் வைக்கும் சர்வருக்கு ராமின் வேகத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். பழைய சர்வர் ராம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரெஜிஸ்டர்டு வகையை வாங்கினால் சாதாரண மதர்போர்டு எழவே எழாது. ஈசிசி (பிழை திருத்தும் ராம்) என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

ராம் தேறும் வரை பூலில் எதையும் எழுதாதீர்கள். கெட்ட ராமில் கெட்டுப்போன படத்துக்கு அந்தக் கெட்ட நிலையிலேயே செக்சம் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிட்டால், இசட்எஃப்எஸ் அதைச் சரி என்றுதான் காலமெல்லாம் சொல்லும்.

பூலின் நிலையைக் காட்டும் திரையில் செக்சம் பத்தியையும் படியுங்கள். எல்லா டிஸ்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிழை என்றால் ராம், கார்டு, கரண்ட் போன்ற பொதுவான ஒன்று. ஒரே டிஸ்கில் மட்டும் என்றால் அந்த டிஸ்க் அல்லது அதன் கேபிள்.

அறிகுறி: வேலை செய்யும்போது ஒன்றுமில்லை, யாரும் தொடாத நேரத்தில் உறைந்துவிடுகிறது

பிராசஸரை மாற்றினீர்களா? முதல் தலைமுறை ரைசன் பிராசஸர்களில் இது பேர்போன கோளாறு. ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்த் திரும்ப வராது. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற இடத்தில் டிப்பிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

அறிகுறி: கரண்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது, முன்பு இப்படி இல்லை

அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, இன்வெர்ட்டர் அதேதான், ஒயரிங்கும் அதேதான். டிஸ்க் ரெண்டு கூட்டுனதுல இருந்து கரண்ட் போனா பொட்டியும் போயிருது. ஃபேனு லைட்டு எல்லாம் ஓடத்தான் செய்யுது." இன்வெர்ட்டரில் கோளாறு இல்லை, டிஸ்கிலும் இல்லை.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் வரை ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸின் கப்பாசிட்டரில் உள்ள சேமிப்பு கடத்திவிடும். முழு பாரத்தில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. பாரம் குறைவு என்றால் இன்னும் கூடுதலாகத் தாங்கும். அவர் பெட்டி இத்தனை நாள் பிழைத்தது அந்தக் கூடுதலில்தான். டிஸ்க் கூடியதும் அது தீர்ந்துவிட்டது.

வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், மறு பக்கம் நார்மல் அல்லது எக்கோ. நார்மலில் மாறுவதற்கு நேரம் அதிகம். ஃபேனுக்கு அது தெரியாது, சர்வருக்குத் தெரியும். போனிலேயே அந்த சுவிட்சைத் தள்ளச் சொன்னேன். நின்றுவிட்டது. யூபிஎஸ் நிலையில் வைத்தால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும். லோ வோல்டேஜ் உள்ள கிராமத்தில் பேட்டரி சீக்கிரம் தேயலாம். அதனால் நிரந்தரமாகச் செய்ய வேண்டியது, சர்வருக்கு மட்டும் யூஎஸ்பி கேபிளோடு வரும் ஒரு சின்ன யூபிஎஸ். கரண்ட் போன செய்தியை அது சர்வரிடம் சொல்லி ஒழுங்காக அணையவைக்கும்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியும், யூபிஎஸ் போட்டும் தீரவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் கை சுரீர் என்றால் அதுதான் முதல் வேலை. எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும்.

அறிகுறி: சர்வர் விழவில்லை, ஒரே ஒரு டிஸ்க் மட்டும் அவ்வப்போது பூலை விட்டு வெளியேறுகிறது

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். சிஆர்சி பிழை. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை அது. டிஸ்கின் கெட்டுப்போன, சந்தேகமான இடங்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் சுழியாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நலம், கேபிள் நலமில்லை. புது டிஸ்கை உள்ளே தள்ளும்போது பழைய கேபிளை முழங்கை மாதிரி மடக்கிவிடுவது எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். 5, 197, 198 ஏறினால் டிஸ்க்தான், மாற்றிவிடுங்கள்.

புது டிஸ்க் ரீபில்டு நடக்கும்போது மட்டும் மூச்சுத் திணறி வெளியேறினால் அது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதும்) வகையா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளை வைக்கும் பெட்டி) டிஸ்க் என்று எழுதி விற்ற சில டிஸ்குகளும் எஸ்எம்ஆர் வகைதான் என்பது 2020இல் வெளியே வந்தது. இசட்எஃப்எஸ் பூலுக்கு அது ஆகாது.

அறிகுறி: விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, நெட்வொர்க்கில் மட்டும் ஆளைக் காணோம்

இது விழுந்ததே இல்லை. புதுக் கார்டு மாட்டியதில் ஸ்லாட் எண்கள் நகர்ந்து, லினக்ஸில் நெட்வொர்க் போர்ட்டின் பெயர் மாறியிருக்கும். பழைய பெயருக்குக் கொடுத்த ஐபி அந்தரத்தில் நிற்கும். மானிட்டரை மாட்டிப் புதுப் பெயருக்கு ஐபியைக் கொடுங்கள். பயாஸ் ஒவ்வொரு முறையும் தேதியை மறந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அந்த மறதியில், டிஸ்குகளோடு மதர்போர்டு பேசும் முறையான சாட்டா மோடும் ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்குப் போயிருக்கலாம்.

சரியானது என்று எப்படித் தெரிந்துகொள்வது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு மெஷினை ஒரு மணி நேரம் ஆறவிட்டு எழுப்புங்கள், இதை ஐந்து முறை செய்யுங்கள். ராத்திரி மெம்டெஸ்ட். பிறகுதான் ஸ்க்ரப், அதுவும் வெயில் உச்சியில் ஓடும்படி, வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே. கடைசியாக, பூலை முறையாக மூடிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்து இன்வெர்ட்டர் ஏற்கிறதா பாருங்கள்.

199ஆம் எண் ஏறும், இறங்காது. கேபிளை மாற்றினாலும் பழைய கணக்கு அப்படியே நிற்கும். அதனால் கேபிள் மாற்றிய அன்று ஒவ்வொரு டிஸ்கின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, தேதியோடு கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். இரண்டாவது டிஸ்குக்கு நேரே 41 என்று இருக்கிறது. எழுதியது சித்திரையில். ஐப்பசி அடைமழையில் பெரியம்மா வீட்டுப் படங்களின் கடைசிக் கட்டை ஏற்றி முடித்த அன்று திறந்து பார்த்தேன். 41.